எட்டாம் பெட்டிக்காரி சாப்பிடாத மாதங்கள்

வேலையில் என் கடைசி நாளன்று, புதிதாக வந்த நீங்கள் மூன்று பேரும் கேக் வெட்டி, நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். "கையைக் கழுவிட்டு வேலை செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு யட்டியாந்தோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் சொல்ல நினைத்தது அதுவல்ல. அதனால் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் சூடு எவ்வளவு இருக்க வேண்டும், தேங்காய்த் தும்பை எத்தனை நாளுக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. பதினான்கு வருடம் இந்தப் பந்துப் பாம்புகளோடு இருந்தவள் நான். என்னிடம் சொல்வதற்கு ஒரே ஒரு விடயம்தான் இருக்கிறது. பெண் பாம்பு சாப்பிடாமல் இருக்கும்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது. இதில்தான் நான் நல்ல பேர் வாங்கினேன். இதில்தான் இரண்டு பிழைகளும் விட்டேன். ஒன்று எட்டாம் பெட்டிப் பாம்பு விடயத்தில், மற்றது என் மகள் விடயத்தில். இரண்டும் ஒரே கிழமையில் வெளியே வந்தன. மகளைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். பேரைப் போடாமல் எழுதச் சொன்னாள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, இப்போது நீங்கள் நிற்கிற கட்டடத்தில் ரப்பர்ச் சீட்டுப் புகையின் வாடை அப்படியே இருந்தது. தோட்டத்தின் பழைய புகைக்கூடம் அது. சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதற்காகவே முதலாளி அதைத் தேர்ந்தெடுத்தார். அனுமதி எடுத்து, வெளிநாட்டிலிருந்து பாம்புகளைக் கொண்டுவந்து, குஞ்சு பொரிக்க வைத்து, வளர்க்க அனுமதி உள்ளவர்களுக்குக் கொடுப்பது அவருடைய யோசனை. ஏடு எழுத உயர்தரம் படித்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் ஒரு மாதம் என் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. மற்றப் பாதி வெள்ளிக்கிழமையில் பாலும் மஞ்சளும் கொண்டுவந்து வாசலில் நின்றார்கள். இது நாகம் இல்லை, விஷம் கிடையாது, பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாது என்று நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

சாப்பாட்டு விடயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடுதான் முதல் மருந்து. லயத்தில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால், பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்து தட்டுத் தட்டாக வரும். மலையில் கூட ரப்பர்ப் பால் வெட்டுகிறவள் மடியில் மாங்காய் கட்டிக்கொண்டு வருவாள். ஏழாம் மாதம் ஐந்து வகைச் சோறு. ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும் என்று சொல்லாத ஆள் கிடையாது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அப்படித்தான் பிள்ளை பெற்றேன்.

அதனால் எட்டாம் பெட்டிக்காரி முதல் தடவை வயிற்றில் முட்டை பிடித்து, எலியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் நீட்டினேன். மத்தியானம் நீட்டினேன். வீட்டுக்குப் போகும்போது ஒரு தரம் நீட்டினேன். நாலாம் நாள் பெட்டியைத் திறந்தால், அவள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறாள். செத்துக்கொண்டிருக்கிறாள் என்று மிருக டொக்டருக்குப் போன் எடுத்து அழுதேன்.

டொக்டரை உங்களுக்குத் தெரியும். கேகாலைப் பக்கத்துப் பிள்ளை. அப்போது படித்து முடித்துப் புதிது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு, எங்களோடு பேசிப் பேசித்தான் தமிழ் பிடித்தார். வந்தார், பாம்பைக் கையில் எடுத்தார், தராசில் வைத்தார். ஏட்டில் போன கிழமை இருந்ததைப் பார்த்தார். முள்ளு அசைந்த மாதிரியே இல்லை.

"பய வென்ட எப்பா அக்கே" என்றார். பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தராசைத் தட்டிக் காட்டினார். "பாம்புகிட்ட கேக்க வாணாம். என்கிட்டயும் கேக்க வாணாம். இதுகிட்ட கேளுங்க."

உடம்பு நிறைய முட்டை இருக்கும்போது எலிக்கு இடம் இல்லை, முட்டைக்குச் சூடு கொடுப்பதற்காகத்தான் அப்படி மல்லாந்து கிடக்கிறாள் என்று பிறகு விளங்கப்படுத்தினார். ஊட்ட வேண்டியது ஆணோடு சேர்ப்பதற்கு முந்திய மாதங்களில். அப்போது அவளே பாய்ந்து பாய்ந்து எடுப்பாள். பிறகு ஒருநாள் நிறுத்துவாள். நிறுத்தியபின் நம்முடைய வேலை, திங்கட்கிழமைக் காலையில் தராசில் நிறுத்துப் பார்ப்பதும் சும்மா இருப்பதும்தான்.

அந்தத் தடவை ஆறு முட்டை. ஆறும் பொரித்தது.

அதற்குப் பிறகு நான் திங்கட்கிழமையைத் தவறவிட்டதே இல்லை. சாப்பாட்டை நிறுத்திய பெண் பாம்புகளின் பெட்டியில் ‘விரதம்’ என்று ஒரு துண்டு ஒட்டி வைப்பேன், மற்ற ஆட்கள் எலி போடாமல் இருப்பதற்காக. எலிக்கூடுகளைப் பார்க்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் அதை வாசித்துவிட்டு ஒவ்வொரு வருடமும் ஒரே பகிடியைத்தான் விடுவார்.

"என்ன தங்கச்சி, ஒங்கட மகாராணி இன்னமும் நோன்பா?"

"ஆமா நானா, விரதம்."

"எங்கட நோன்புக்கு அந்தி மஃரிபோட ஒரு தொறப்பு ஈக்கி. இவட நோன்புக்குத் தொறப்பு எப்ப எண்டு கேட்டுச் செல்லுங்க. நான் அதுக்கு ஏத்த மாதிரி எலி வளக்கோணும்."

இந்தப் பகிடியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

நடுவில் மூன்றாம் பெட்டியின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே நெருக்குதல் உங்களுக்கும் வரும். ஒரு வருடம் முட்டை குறைந்துபோனது. முதலாளி வந்து, எல்லாப் பெண் பாம்புக்கும் கிழமைக்கு இரண்டு தரம் போடச் சொன்னார். எனக்குச் சரியென்று படவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் பெட்டிக்காரி கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டாள். நாலு மாதத்தில் வாலடியில் மடிப்பு விழுந்துவிட்டது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, "இது பாம்பு இல்ல அக்கே, சொசேஜ்" என்றார். இரண்டு வருடம் அவள் ஒரு முட்டைகூட இடவில்லை. சாப்பிடுகிறவளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பதை அன்றைக்குக் கண்டேன். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அதனளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. முதலாளி சொன்னாலும், ஏட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டு உங்களுக்குப் பட்டதைச் சொல்லுங்கள். அவர் கத்துகிற ஆள் இல்லை. எனக்குத்தான் அது பிந்தித் தெரிந்தது.

இப்படி வருடங்கள் போகப் போக, காத்திருப்பதில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். எம்பிலிப்பிட்டிய பக்கத்தில் பாம்பு வளர்க்கிற ஒருவர், "இவ ரெண்டு மாசமா சாப்பிடலையே" என்று போன் எடுப்பார். நிறை குறைந்திருக்கிறதா என்று கேட்பேன். இல்லையென்றால், "விடுங்க, விரதம்னு நெனச்சுக்கங்க" என்பேன். அவர் சிரிப்பார். சாப்பிடாத ஒன்றைப் பார்த்துப் பதறாமல் இருப்பது ஒரு கெட்டித்தனம் என்று நான் நம்பத் தொடங்கினேன். அந்தக் கெட்டித்தனத்தோடு வீட்டுக்கும் போனேன்.

போன முறை எட்டாம் பெட்டிக்காரியை ஆணோடு சேர்க்கத் தொடங்கிய நாட்களில் கந்தசஷ்டி வந்தது. என் மகள் ஆறு நாளும் விரதம் இருந்தாள். அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. உயிரியல் படிக்கிறாள், கெட்டிக்காரி. தோட்டத்துக் கோயில் பூசாரி, இந்த வயதில் இப்படி ஒரு பக்தியா என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொழும்பில் கடையில் நிற்கிற வீட்டுக்காரருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

கந்தசஷ்டி முடிந்தது. பிறகு வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். அதற்குப் பிறகு செவ்வாய். தை பிறந்தபின் சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டது, சனி பார்வை சரியில்லையாம். மற்ற நாட்களில் டியூஷன் வகுப்பில் கூட்டாளிகளோடு சாப்பிட்டுவிட்டேன் என்பாள். நான் காலை ஆறரைக்குப் போய் மாலை ஆறுக்கு வருகிறவள். அவள் தட்டை நான் பார்த்த நாட்கள் குறைவு.

பாடசாலைச் சீருடை இடுப்பில் ஊக்குக் குத்தியிருந்தாள். துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது என்றாள். கழற்றித் தரச் சொல்லி, ஒடுக்கித் தைத்துக் கொடுத்தேன். மாசி மாதத்தில் இன்னொரு தரம் ஒடுக்கித் தைத்தேன். இரண்டு தரம். என் கையால். அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு ஊசியைக் கோத்தவள், திங்கட்கிழமை தவறாமல் எட்டுப் பாம்பை நிறுத்து ஏட்டில் எழுதுகிறவள்தான்.

பக்கத்துக் காம்பரா அக்கா ஒருநாள் வாசலில் நின்று, "ஏங்க, பிள்ள காத்துல பறந்துரும் போல இருக்கே, பாக்கிறதில்லையா?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. சாமிக்கு இருக்கிற பிள்ளையைக் கண் வைக்கிறாளே என்று நினைத்தேன்.

"விரதம்ங்க. அவளா முடிப்பா" என்றேன்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. எட்டாம் பெட்டிக்காரி முட்டையிடுவதற்கு முன்னால் உரிக்கிற தோலை உரித்திருந்தாள். இன்னும் ஒரு மாதத்துக்குள் இடுவாள் என்று கணக்கு. சாப்பிடாமல் ஏழு கிழமை ஆகியிருந்தது, நிறை கொஞ்சமும் குறையவில்லை. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது பாடசாலையிலிருந்து போன் வந்தது. காலைக் கூட்டத்தில் மகள் மயங்கி விழுந்துவிட்டாள், படியில் தலை அடிபட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள்.

தலைக்காயம் சின்னதுதான். ஆனால் அங்கே இருந்த டொக்டர் அவளைக் கட்டிலில் ஏற்றுவதற்கு முன்னால் தராசில் ஏற்றினார். எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல தமிழில், சத்தம் போடாமல் கேட்டார்.

"நீங்க அம்மாதானே? கடைசியா இவங்கள எப்ப நிறுத்துப் பார்த்தீங்க?"

கிளினிக் அட்டையில் குழந்தையாக இருக்கும்போது நிறுத்ததுதான் எனக்கு ஞாபகம் இருந்தது.

அன்று மாலை, சேலைன் சொட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இருந்தேன். அப்போதுதான் எனக்கு நானாவின் பகிடி ஞாபகத்துக்கு வந்தது. எங்களுடைய விரதத்துக்கும் அப்படித்தான். சஷ்டி என்றால் ஏழாம் நாள் பாரணை இருக்கிறது. வெள்ளி என்றால் இத்தனை வெள்ளி என்று நேர்ந்து, கடைசி வெள்ளி பொங்கல் வைத்து முடிப்போம். முடிவு இல்லாத விரதத்தை யாரும் எடுப்பதில்லை. இது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்து மாதமாக அவளிடம் நான் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"எத்தன வாரம்னு நேந்துகிட்ட? எப்ப முடிக்கிறதா இருந்த?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மொதல்ல சாமிக்குத்தாம்மா இருந்தேன். பொறவு நிறுத்த முடியல. சாப்பிட்டா பயமா இருக்கு."

எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

இனி என் இரண்டாவது பிழை. வியாழக்கிழமை நாத்தனார் வந்து மகளோடு இருந்தாள். வேலையில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், அரை நாள் வந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போனேன். மூன்று நாள் தூக்கமில்லை. எட்டாம் பெட்டியைத் திறந்தேன். அவள் மல்லாந்து கிடந்தாள். முன்பக்கத்தில் என் கையெழுத்தில் ‘விரதம்’ என்ற துண்டு.

நான் அந்தத் துண்டைக் கிழித்தேன்.

ஏட்டில் திங்கட்கிழமை எழுதியது இருக்கிறது. நிறை குறையவில்லை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதை நான் பார்க்கவில்லை. இவளையும் நான் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற ஒன்றுதான் மண்டையில் இருந்தது. அசைகிற இரையைக் கண்டால் ஆசை வரும் என்று நினைத்து, உயிரோடு ஒரு எலி கேட்டேன். நம்முடைய இடத்தில் கொன்றுதான் கொடுப்போம் என்பது முதல் நாளே உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

நானா எலிக்கூட்டுக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "உசிரோடயா? டொக்டர் கேட்டா என்ன செல்ற?"

"குடுங்க நானா. இன்னைக்குச் சாப்பிட வச்சே தீரணும்."

"தங்கச்சி, ஒங்கட மொகமே சரியில்ல. கொஞ்சம் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்களே."

நான் அவரைத் தள்ளாத குறையாக எலியை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியில் விட்டேன். அவள் அசையவில்லை. இரண்டு நிமிடம் நின்றிருப்பேன். போன் அடித்தது. மகள் சேலைன் ஊசியைப் பிடுங்கிவிட்டாள், அம்மா வேண்டும் என்று அழுகிறாள் என்று நாத்தனார் சொன்னாள். பெட்டியைப் பூட்டிவிட்டு ஓடினேன். பூட்டியது மட்டும் பழக்கத்தில் சரியாக நடந்திருக்கிறது.

பஸ்ஸில் ஏறியபின் அந்த எலியை நான் நினைக்கவே இல்லை.

பாம்பு எலியைத் தின்னும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பசி இல்லாத பாம்போடு பசித்த எலியை அடைத்துவைத்தால், எலிதான் பாம்பைத் தின்னும். முட்டை தாங்கிய பெண், திரும்பிக் கடிக்கக்கூட மாட்டாள். நானா மூன்று மணி போல, என் முகம் சரியில்லாததால் மனசு கேட்காமல், சாவியை எடுத்து வந்து திறந்து பார்த்திருக்கிறார். வாலுக்கு மேலே இரண்டு இடத்தில் சதை தெரிந்ததாம். எலியை எடுத்துவிட்டு, டொக்டருக்குச் சொல்லிவிட்டு, டொக்டர் மழையில் வந்து சேரும்வரை பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை வேலைக்குப் போனபோதுதான் தெரிந்தது.

டொக்டர் அன்றும் மருந்து கட்ட வந்திருந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்து எனக்கே காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"இந்தக் கையோட நான் ஊசி போட மாட்டேன் அக்கே. நாளைக்கு வாறேன்னு சொல்லிட்டுப் போவேன். நீங்க ஏன் பெட்டி தொறந்தீங்க?"

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். என்ன நடந்தது என்று ஏட்டிலும் எழுதினேன். அந்தப் பக்கத்தை யாரும் கிழிக்கவில்லை. நீங்கள் போய்ப் பார்க்கலாம். எதைச் செய்தாலும் அப்படி எழுதி வையுங்கள். மறைத்திருந்தால் அடுத்த ஆளும் அதையே செய்திருப்பார்.

நான் யோசித்துப் பார்த்ததை உங்களுக்குச் சொல்கிறேன். மகள் விடயத்தில், பாம்பிடம் படித்ததைக் கொண்டுபோனேன். பொறு, அவளே முடிப்பாள் என்று. பாம்பு விடயத்தில், ஆஸ்பத்திரியில் படித்ததைக் கொண்டுவந்தேன். விடாதே, இன்றைக்கே ஊட்டு என்று. இரண்டு பாடத்திலும் பிழை இல்லை. எதிரில் இருப்பது யார் என்று பார்க்காமல் பாடத்தைப் பார்த்ததுதான் பிழை. ஒரு உயிர் சாப்பிடாமல் இருப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நிறுத்துப் பாருங்கள். முடிகிற நாள் எது என்று கேளுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் பொறுமையாக இருப்பது பொறுமை அல்ல, பாராமுகம்.

அந்தப் புண்ணோடு அவள் ஏப்ரலில் முட்டையிட்டாள். ஐந்து நல்லது, இரண்டு கூழ்முட்டை. முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தவளைப் பிரித்து எடுத்து, நிறுத்தோம். இந்தத் தடவை தராசு வேறு சேதி சொன்னது. முட்டை போனது போக, அவளே பாதியாகி இருந்தாள். முதுகெலும்பு கையில் தட்டியது. இப்போது அவள் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். அதே பாம்பு, அதே சாப்பிடாமை. போன மாதம் விட வேண்டியது, இந்த மாதம் விடக் கூடாதது.

முட்டை வாடை இருக்கும்வரை எடுக்க மாட்டாள் என்பதால், இளஞ்சூட்டுத் தண்ணீரில் அவளைக் கழுவினேன். பெட்டியைக் கழுவிப் புதுத் தும்பு போட்டேன். கொன்ற சின்ன எலி ஒன்றைச் சூடாக்கி நீட்டினேன். முகத்தைத் திருப்பினாள். என் கை நடுங்கவில்லை, பார்த்துக்கொண்டேன். எலியை உள்ளே வைத்து, பெட்டிக்கு மேலே துவாயைப் போட்டு மூடிவிட்டு, வெளியே போய் உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டு நின்றால் எடுக்காது. இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. நானும் இரண்டு தரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் நானாதான் துவாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். அந்தத் தடவை பகிடி விடவில்லை.

"தொறந்திட்டா தங்கச்சி" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் எலிக்கூட்டுப் பக்கம் போய்விட்டார்.

நான் ஏன் ஐம்பத்தொரு வயதில் வேலையை விட்டேன் என்று நீங்கள் நாசூக்காகக் கேட்டீர்கள். முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்கால் வலிக்கிறதுதான். ஆனால் விட்டதற்குக் காரணம் மூன்று வேளையும் நான் வீட்டில் இருக்க வேண்டும் என்பது. மகளை மாதம் இரண்டு தரம் கேகாலையில் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே அவளைத் தராசுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து நிறுப்பார்கள். எண்ணை அவளுக்கும் சொல்வதில்லை, எனக்கும் சொல்வதில்லை. பதினான்கு வருடம் எண் பார்த்தவளுக்கு அது கஷ்டமாக இருக்கிறது. அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற மிஸ் சொன்னதைத்தான் செய்கிறேன். சாப்பிடும்போது கூடவே இருங்கள், எழுந்து போகாதீர்கள், ஆனால் வாயைப் பார்க்காதீர்கள் என்றார்.

பரீட்சையைத் தள்ளி வைத்திருக்கிறாள். இன்னும் சரியாகவில்லை. சில நாள் பரவாயில்லை, சில நாள் பழையபடி. இனிப் பயமில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கதவு தட்டினாலும், போன் அடித்தாலும் அவள் எங்கே என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இன்று காலையிலும் ரொட்டி சுட்டேன். அவள் எனக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்து கட்டச் சம்பலோடு சாப்பிடத் தொடங்கினாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லில் ரொட்டி இல்லாதபோதும் நின்றேன். வெளியே மழை. பின்னால் பிய்க்கிற சத்தம் ஒரு தரம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பாமல் இருப்பதற்காக அடுப்புக்கல்லை விரலால் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி ஒரு தரம் கேட்டது.

"இப்ப திரும்பலாம்மா" என்றாள்.

தட்டில் பாதி ரொட்டி மீதி இருந்தது. நேற்று முக்கால் இருந்தது.